பாதம் விழும் இடம்

விடியற்காலையில் கண்டி வாவிக்கரையில் ஓடுகிறவர்களைக் கண்ணால் பார்ப்பதைக் காட்டிலும் காதால் கேட்பதே நமக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமைதோறும் எமது பேத்தியுடன் ஐந்தரை மணிக்கெல்லாம் அங்கு வந்துவிடுவோம். அவள் ஓடத் தொடங்குவாள். நாம் மரத்தடியில் உள்ள வாங்கு ஒன்றில் அமர்ந்துகொள்வோம். அவ்வேளையில் மலைகளின்மீது மூடுபனி கலைந்திராது. தலதா மாளிகையிலிருந்து காலைப் பூசையின் முழவொலி கேட்டுக்கொண்டிருக்கும். வருகிறவர் முகம் தெரியாது. ஆயினும் அவருடைய காலடி ஓசை முன்னதாகவே வந்து ஆளை அறிவித்துவிடும். ‘தொப், தொப்’ என்று பாதம் முழுவதையும் தரையில் அறைந்துகொண்டு வருகிறவர், சர்க்கரை வியாதிக்கு அஞ்சி வைத்தியர் சொற்படி ஓடுகிற வியாபாரி ஒருவர். ‘சரக், சரக்’ என்று இழுத்துக்கொண்டு வருகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தாம் ஓடுவதாக அவர் மட்டுமே நம்புகிறார். ஓசை ஏதுமின்றித் திடீரென்று பக்கத்தில் தோன்றி மறைகிற இளைஞன் ஒருவனும் உண்டு. அவன் கடந்து போனால் கரையோரத்து நீர்க்காகங்கள்கூடக் கழுத்தைத் திருப்புவதில்லை.

ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807 ஆம் ஆண்டில் இந்த வாவியை அமைப்பித்தபோது ஓட்டக்காரரை நினைத்திருக்கமாட்டான். ஆயினும் ஒரு சுற்று மூன்று கிலோமீற்றரைச் சற்றே தாண்டும். 3,000 மீற்றர் ஓட்டத்துக்குப் பயிலும் பாடசாலைப் பிள்ளைக்கு இதனினும் தோதான அளவு வேறு எங்கே கிடைக்கும்?

எமது பேத்திக்குப் பதினாறு வயது. அவளுடைய காலடி ஓசை நமக்குப் பத்து வயதிலிருந்தே பழக்கம். குதிக்கால் முதலில் தரையைத் தொட, அடுத்து முன்பாதம் விழ, ஒவ்வொரு அடியும் இரட்டைச் சொல்லாக ஒலிக்கும். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஓசை வரவே இல்லை. எங்கே இவளைக் காணோம் என்று நாம் எழுந்து பார்த்தபோது அவள் நம்மைக் கடந்து ஐம்பது யார் போய்விட்டிருந்தாள். பூனை போல நுனிக்காலால் ஓடிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வீட்டுப் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டாக, நண்டைப் போல இறங்கினாள். என்னவென்று வினவினோம்.

“ஒன்றுமில்லை தாத்தா. கெண்டைக்கால் கொஞ்சம் இழுக்குது. பழகினால் சரியாகிவிடும்.”

“எதைப் பழகுகிறாய்?”

“நான் இவ்வளவு நாளும் ஓடினது பிழையாம். குதிக்கால் முதலில் படக்கூடாதாம். முழங்கால் போய்விடுமாம். கைப்பேசியில் ஒருவர் விளக்கமாகக் காட்டினார்.”

(இடையில் ஒரு செய்தி. சிங்களத்தில் ‘தாத்தா’ என்றால் தகப்பன். அவளுடைய சிங்களத் தோழியர் முதன்முதல் நம்மைக் கண்டபோது, இத்தனை நரைத்த தகப்பனா என்று திகைத்துப் போனார்களாம். கண்டியில் வாழும் தமிழ்ப் பாட்டன்மார் அனைவரும் இந்தப் பெருமையை ஒருமுறையாவது அடைந்திருப்பர்.)

வலயப் போட்டிக்கு அப்போது மூன்று வாரங்களே இருந்தன. ஓட்டத்தைப் பற்றி நம்மிடம் எப்போதும் அபிப்பிராயம் கேட்பவள், இதைப் பற்றி மட்டும் கேளாமல் விட்டாள். காரணம் கேட்டபோது அவள் சொன்ன பதில் நம்மைச் சுட்டது.

“நீங்கதானே தாத்தா சொன்னீங்க, நான் ஓடினால் குதிரை வண்டி வருகிற மாதிரி இருக்கு என்று?”

சொன்னது உண்மைதான். அவளுக்குப் பத்து வயதாயிருந்தபோது வேடிக்கையாகச் சொன்னோம். நாம் மறந்துவிட்டோம், அவள் ஆறு ஆண்டுகள் அதைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறாள்.

நாம் பிறந்து வளர்ந்தது ஹந்தானை மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். தந்தையார் அங்கே கணக்கப்பிள்ளை. பாடசாலையோ கீழே பட்டினத்தில். காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். சப்பாத்து என்பது படத்தில் பார்க்கும் பொருள். கொழுந்து மலைகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் கல்லும் புல்லும் மாறிமாறி வரும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். குறுக்கே கான் வெட்டியிருக்கும் இடத்தில் தாண்ட வேண்டும். பாடசாலை மணிக்குப் பயந்து அந்த வழியெல்லாம் ஓடியே கடப்போம். இறங்கும்போது குதிக்கால் மண்ணில் ஊன்றி உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். ஏறும்போது குதி தரையில் படவே படாது. முன்பாதமும் விரல்களுமே வேலை செய்யும். முதுகில் கொழுந்துக் கூடையுடன் ஏறிப்போகும் பெண்களின் கால்களைப் பின்னாலிருந்து பார்த்தால் அவர்களும் அவ்வாறே ஏறுவது தெரியும். எந்தப் பாதத்தை எங்கே எப்படி வைப்பது என்று எமக்கு எவரும் கற்பிக்கவில்லை. மலை சாய்ந்தபடி கால் சாய்ந்தது, அவ்வளவுதான்.

பக்கத்து லயத்தில் ஒரு தோழன் இருந்தான். எம்மைவிட ஒரு வயது மூத்தவன். போகம்பறை மைதானத்தில், அக்காலத்துச் சிறைச்சாலையின் மதில் பார்த்திருக்க, புல்தரையில் 5,000 மீற்றர் ஓடுவோம். பெரும்பாலான பையன்கள் வெறுங்காலர். நாம் எத்தனை முறை ஓடினாலும் இரண்டாவது, முதலாவது அவன். அவன் ஓடும் விதத்தை இன்று நினைத்துப் பார்க்கும்போதுதான் வியப்பு உண்டாகிறது. சமதரையில் அவனுடைய குதிக்கால்தான் முதலில் நிலத்தைத் தொடும். ஓசையும் கேட்கும். கைப்பேசிப் பண்டிதர்கள் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அவனுடைய தலையில் தண்ணீர்க் குடத்தை வைத்திருந்தாலும் தளும்பியிராது. கால் முன்னே எட்டிப்போய் விழாது. இடுப்புக்குக் கீழே, உடம்பு வந்து சேரும் இடத்தில், அளவாக விழும். நாமோ நீண்ட அடி எடுத்து அவனை எட்டிப் பிடிக்கப் பார்ப்போம். அடியை நீட்ட நீட்ட அவன் தூரமாகிக்கொண்டே போவான். அதன் காரணம் விளங்க நமக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர் இந்தியாவுக்குப் போகவேண்டியவர் என்றும், 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறவேண்டியவர் என்றும் பங்கு பிரிக்கப்பட்டது. எமது குடும்பம் ஒரு பக்கம் விழுந்தது. தோழனின் குடும்பம் மறுபக்கம் விழுந்தது. 1975 ஆம் ஆண்டில் அவர்கள் புறப்பட்டார்கள். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்திருந்தனர். பெயர் பொருத்தமானதென்பதைக் கண்டி நிலையத்து மேடையில் நின்ற எவரும் அறிவர். அன்று தோழனுடைய கையில் ஒரு சோடிப் புதுச் சப்பாத்து இருந்தது. பயணத்துக்கென்று தகப்பனார் வாங்கிக் கொடுத்தது, கடித்ததாம், கழற்றிவிட்டான். வெறுங்காலுடன் வண்டி ஏறினான். அதன்பின் அவனைப் பற்றி ஒரு தகவலும் நமக்குக் கிட்டவில்லை.

பேத்தியின் கெண்டைக்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே அவனைப் பற்றித்தான் அன்றிரவு சொன்னோம். கதை பிடித்தது, ஆனால் பிள்ளைகள் இக்காலத்தில் கதையோடு விடுவதில்லை. “அப்படியென்றால் எது சரி, தாத்தா?” என்று கேட்டாள். சற்று விரிவாகவே பதில் சொல்ல நேர்ந்தது. வாசகர்கள் வீட்டிலும் ஓடுகிற பிள்ளைகள் இருக்கலாம் ஆதலின், அதனை இங்கும் எழுதுகிறோம்.

நடப்பதும் ஓடுவதும் வேகத்தில் மட்டும் வேறுபட்டவை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவை இரு வேறு தொழில்கள். நடக்கும்போது ஒரு காலாவது எப்பொழுதும் தரையில் இருக்கும். விறைத்த காலின்மேல் உடம்பு, தலைகீழாக நிறுத்திய ஊசலைப் போல, எழுந்து சாயும். ஓடும்போதோ இரண்டு கால்களும் நிலத்தை விட்டு நீங்கிய ஒரு கணம் ஒவ்வொரு அடியிலும் உண்டு. உடம்பு அந்தரத்திலிருந்து விழுகிறது. கால் அதனைச் சுருள்வில்லைப் போல ஏந்தி மீண்டும் எறிகிறது. குதிக்காலுக்குப் பின்னே கயிறு போல் தட்டுப்படும் தடித்த தசைநாணும், பாதத்தின் உள்வளைவும் இழுபட்டுச் சுருங்கி, விழுந்த வேகத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன. ஒரு பாதத்தில் 26 எலும்புகளை வைத்து ஆக்கியிருப்பது வீண் வேலை அன்று.

இவ்வாறு விழும்போது பாதம் தாங்கும் பாரம் உடல் எடையைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு. எமது பேத்தி ஐம்பது கிலோ. மூவாயிரம் மீற்றரை அவள் ஓடி முடிக்க ஏறக்குறைய இரண்டாயிரம் அடிகள் வைக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் ஒற்றைக் காலில் இறங்குகிறது. குதிக்கால் முதலில் பட்டால் அப்பாரத்தின் தொடக்கத்தில் ஒரு கூர்மையான அதிர்ச்சி எழும்; முன்பாதம் முதலில் பட்டால் அந்த அதிர்ச்சி பெரிதும் மறைந்துவிடும். கைப்பேசிப் பண்டிதர் சொல்வது இவ்வளவே, இதுவரை அவர் சொல்வதும் சரியே. அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. பாரம் எங்கும் போய்விடுவதில்லை, இடம் மாறுகிறது. முழங்காலுக்குக் குறைந்தது கெண்டைக்காலிலும் குதிநாணிலும் முன்பாதத்து எலும்புகளிலும் ஏறிக்கொள்கிறது. ஒரு வீட்டுக் கடனை இன்னொரு வீட்டுக் கணக்கில் எழுதுவது போன்ற காரியம். அந்த வீட்டுக்காரர் அதைத் தாங்கக்கூடியவரா என்று முதலில் கேட்க வேண்டாமா?

பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதைக் காட்டிலும், பாதம் உடம்புக்கு எவ்வளவு முன்னால் விழுகிறது என்பது பெரிய விஷயம். முழங்காலை நீட்டி, உடம்புக்கு வெகுதூரம் முன்னே பாதத்தை வைத்தால், ஓடுகிற மாட்டுவண்டியின் சில்லுக்கு முன்னே தானே கல்லை வைப்பது போல் ஆகும். ஒவ்வொரு அடியிலும் தடை. ஒவ்வொரு தடைக்கும் பிறகு புதிதாகத் தள்ளவேண்டும். போகம்பறையில் நாம் அடியை நீட்டிக்கொண்டே போய்த் தோற்றது இதனால்தான். தோழன் குதிக்காலால் தொட்டாலும் கல் வைக்கவில்லை.

வெறுங்கால் உயர்ந்ததா, சப்பாத்து உயர்ந்ததா என்று இன்னொரு வழக்கு இதனோடு சேர்ந்து வரும். இந்த வழக்கில் இரு தரப்பாரும் சாட்சிக்கு அழைப்பது எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலாவை. 1960 இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் 42 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மரதன் ஓட்டத்தை அவர் வெறுங்காலால் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். நான்கு ஆண்டுகளின்பின் டோக்கியோவில், குடல்வால் சத்திரசிகிச்சை செய்து ஆறு வாரம் நிறையுமுன், சப்பாத்தும் காலுறையும் அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மீண்டும் வென்றார். இந்தச் சாட்சியை வைத்து எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதே டோக்கியோவில் 10,000 மீற்றர் ஓடிய நம் நாட்டுக் கருணானந்தா, மற்றெல்லோரும் முடித்த பின்னரும் பல சுற்றுகள் எஞ்சியிருக்க, தனி ஒருவராக ஓடி முடித்தார். முதலில் நகைத்த கூட்டம் முடிவில் எழுந்து கைதட்டியது. ஜப்பானியப் பிள்ளைகளின் பாடநூலில் அவருடைய கதை இடம்பெற்றது. அவர் பாதம் எப்படி விழுந்தது என்று எவரும் கேட்கவில்லை.

நமக்கு இந்த விஷயத்தில் இத்தனை அக்கறை ஏற்பட்டதற்குக் காரணம் வெறும் படிப்பு அன்று. பட்டுத் தெளிந்தது. 2010 ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டானியல் லீபர்மன் என்பாரும் அவருடைய தோழர்களும், கென்யாவிலும் அமெரிக்காவிலும் வெறுங்காலால் ஓடிப் பழகியோரை ஆராய்ந்து, அவர்களில் பலர் முன்பாதத்தால் இறங்குகின்றனர் என்றும், அதனால் அந்தக் கூரிய அதிர்ச்சி எழுவதில்லை என்றும் எழுதினர். கட்டுரை நிதானமானது, அதனைப் படித்த உலகம் நிதானமாக இல்லை. குதிக்காலில் தடித்த மெத்தை வைத்த சப்பாத்தே சகல நோய்க்கும் மூலம் என்று ஒரு கூட்டம் புறப்பட்டது. விரல் விரலாகப் பிரிந்த, கையுறை போன்ற மெல்லிய சப்பாத்துகள் விற்பனைக்கு வந்தன. 2012 இல் கனடாவிலிருந்து வந்த மருமகன் ஒரு சோடியை நமக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். அப்போது நமக்கு ஐம்பத்து நான்கு வயது. அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது தவளையைப் போல் இருந்தோம் என்று வீட்டார் சிரித்தனர். நமக்கோ ஹந்தானைப் பாதையில் ஓடிய பையன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைப்பு.

பையன் திரும்பவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மெத்தைச் சப்பாத்தில் இருந்த பாதம் அது. முதல் வாரமே வாவியை ஒரு முழுச்சுற்று நுனிக்காலால் ஓடினோம். இரண்டாம் வாரம் நாளுக்கு ஒரு சுற்று. கெண்டைக்கால் கல்லானது, பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டோம். பேத்தியின் வாயிலிருந்து அதே சொற்கள் வந்தபோது நமக்கு உடம்பு சிலிர்த்ததன் காரணம் இப்போது வாசகர்களுக்கு விளங்கும். ஐந்தாம் வாரத்தில், மலபார் வீதிப் பக்கத்து வளைவில், வலது பாதத்தின் நடுவே ஊசி ஏறியது போல ஒரு வலி. முச்சக்கரவண்டியில் வீடு திரும்பினோம். படம் எடுத்துப் பார்த்ததில், இரண்டாம் விரலை நோக்கிச் செல்லும் நீண்ட எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு.

நம்மைப் பரிசோதித்த வைத்திய நிபுணர் ஓர் அம்மையார். திட்டவில்லை, ஒரு தாளில் பாதத்தை வரைந்து காட்டினார். தசை சில வாரங்களில் புதிய வேலைக்குப் பழகும், எலும்புக்கும் நாணுக்கும் மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும், நீங்கள் தசையின் கடிகாரத்தைப் பார்த்து எலும்பை ஓட்டினீர்கள் என்றார். பிறகு, “உங்களுக்கு முழங்கால் வலி இருந்ததா?” என்று கேட்டார். இல்லை என்றோம். “இடுப்பு வலி?” இல்லை. “அப்படியானால் எதைத் திருத்துவதற்காக மாற்றினீர்கள்?” என்றார். அதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை.

மறு ஆண்டே, 2013 இல், அமெரிக்காவில் செய்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. 36 ஓட்டக்காரரை எடுத்துக்கொண்டு, அவருள் ஒரு பாதியினரை அத்தகைய மெல்லிய சப்பாத்துக்குப் பத்து வாரங்களில் படிப்படியாக மாற்றினர். மாறியவருள் பாதிக்கு மேற்பட்டோரின் பாத எலும்புகளுக்குள் வீக்கம் கண்டிருந்தது. படிப்படியாக மாறியவர் கதியே அது என்றால், தவளை வேடம் பூண்டு ஒரே வாரத்தில் மாறிய கிழவரின் கதியைச் சொல்லவேண்டியதில்லை. அவ்வாண்டிலேயே மற்றொரு செய்தியும் வந்தது. வட கென்யாவில் வெறுங்காலாய் வாழும் தாசனச் என்னும் மக்களை ஆராய்ந்தவர்கள், அவருள் பெரும்பாலோர் நெடுந்தூர ஓட்டத்துக்குரிய நிதான வேகத்தில் குதிக்காலையே முதலில் வைப்பதைக் கண்டனர். வேகம் கூடும்போதுதான் பலர் நடுப்பாதத்துக்கு மாறினர். வெறுங்காலர் அனைவரும் ஒரே விதமாக ஓடுவதில்லை என்பது இதனால் தெரிந்தது. மலையகப் பையன்களைக் கேட்டிருந்தால் முன்னரே சொல்லியிருப்பார்கள்.

சப்பாத்து அணிந்த பந்தய வீரரின் கதையும் வேறன்று. ஜப்பானில் சப்போரோ அரை மரதன் ஓட்டத்தில் 15 ஆவது கிலோமீற்றரில் படப்பிடிப்புக் கருவியை வைத்து 283 ஓட்டக்காரரின் பாதங்களைப் பதிந்தனர். நூற்றுக்கு 75 பேர் குதிக்காலாலும், ஏறக்குறைய 24 பேர் நடுப்பாதத்தாலும் இறங்கினர். முன்பாதத்தார் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. முதலில் சென்ற ஐம்பதின்மருள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் குதிக்காலினரே. வேகமுள்ளவரிடம் நடுப்பாதம் சற்று மிகுதி என்பதும் உண்மை, அதை மறைக்கவேண்டியதில்லை. 2017 இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியின் மரதன் ஓட்டத்தைப் படம் பிடித்துப் பார்த்தபோதும், ஆண் பெண் இரு பாலாரிலும் பாதிக்கு மேற்பட்டோர் குதிக்கால் முதலில் படவே ஓடியிருந்தனர். உலகத்திலேயே சிறந்தவர்கள் இவர்கள்.

இவ்வளவையும் கேட்ட பேத்தி, “அப்போ நான் ஒன்றுமே மாற்றவேண்டியதில்லையா?” என்றாள். குரலில் ஏமாற்றம் தெரிந்தது. மாற்றுவதற்கு ஒன்று வேண்டும் இளையவர்களுக்கு. ஒன்றும் செய்யாதே என்பது அறிவுரையாகவே படுவதில்லை. நமக்கும் அப்படித்தானே இருந்தது?

நான்கு நாள் ஓய்வுக்குப் பின் அவளைப் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கே நிழல்மரங்களுக்கு நடுவே சமமான சாலை உண்டு. நுனிக்காலை மறந்துவிட்டுப் பழையபடி ஓடச் சொல்லி, வலது பாதம் விழுவதை முப்பது விநாடிக்கு எண்ணினோம். நாற்பது. நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு 160 அடிகள். பக்கத்திலிருந்து பார்க்கையில், களைப்பு ஏறும்போதெல்லாம் அவள் அடியை முன்னே நீட்டுவது தெரிந்தது. பாட்டனின் பழைய குற்றம் பேத்தியின் காலில் இறங்கியிருக்கிறது. 2011 இல் வெளியான ஓர் ஆய்வு, அதே வேகத்தில் அடிகளின் எண்ணிக்கையை நூற்றுக்கு ஐந்து அல்லது பத்து உயர்த்தினால், அடி சிறிதாகி, பாதம் உடம்புக்கு அருகே விழுந்து, முழங்காலிலும் இடுப்பிலும் ஏறும் பாரம் குறைகிறது என்று காட்டியது. பாதத்தின் எந்தப் பகுதி படவேண்டும் என்று ஓட்டக்காரருக்கு ஒரு சொல்லும் சொல்லவேண்டியதில்லை. 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டானியல்ஸ் என்ற பயிற்றுநர் எண்ணிப் பார்த்ததில், நெடுந்தூர வீரர் ஏறக்குறைய எல்லோரும் நிமிடத்துக்கு 180 அடிகளோ அதற்கு மேலோ வைத்தனர். இந்த எண்ணையும் வேதவாக்காக்கி எல்லோர் தலையிலும் கட்டுகிறவர்கள் உண்டு. பந்தய வேகத்தில் ஓடும் ஒலிம்பிக் வீரரின் எண்ணை, பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு அப்படியே கொடுப்பது பெரியவரின் சட்டையைச் சிறியவருக்குப் போடுவது. ஆகையால் நாற்பதை நாற்பத்திரண்டாக்கு, வேறொன்றும் வேண்டாம் என்றோம்.

“இரண்டே இரண்டா?”

“இரண்டே இரண்டு.”

அதுவும் எளிதாக வரவில்லை. எண்ணினால் மூச்சுத் தவறியது. மூச்சைப் பார்த்தால் எண்ணிக்கை தவறியது. மூன்றாம் நாள், நாம் சாலையோரத்தில் நின்று ஒரு வெற்றுத் தகரத்தில் குச்சியால் தாளம் தட்டினோம். வளாகத்து மாணவர் சிலர் நின்று பார்த்தனர். ஏதோ நாட்டார் கலை ஆராய்ச்சி என்று நினைத்திருக்கக்கூடும். அன்றைக்குத்தான் குதிரை வண்டிப் பேச்சுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்துவிட்டு, “அது எப்போதோ சொன்னது, தாத்தா” என்றாள். எப்போதோ சொன்னதை அவள் எத்தனை சரியாக நினைவில் வைத்திருந்தாள் என்பதை நாம் அவளுக்கு நினைவூட்டவில்லை.

வலயப் போட்டியில் அவள் நான்காவதாக வந்தாள். மாகாணப் போட்டிக்கு அந்த இடம் போதவில்லை. கடைசி இரண்டு சுற்றுகளில் களைத்து, அடி மறுபடியும் முன்னே நீண்டதை நாம் பார்த்தோம், அவளும் அறிந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரவு உணவின்போது மட்டும், “கால் ஒன்றும் வலிக்கவில்லை” என்று, பொதுவாக எல்லோருக்கும் சொல்வது போல் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல வாவிக்கரைக்கு வந்தோம். அவள் புறப்பட்டாள். வியாபாரி ‘தொப், தொப்’ என்று போனார். ஆசிரியர் ‘சரக், சரக்’ என்று போனார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தோம். கால் மணி நேரத்தின் பின், அரசினர் மாளிகைப் பக்கமா, கோயிற் பக்கமா என்று புலப்படாத தூரத்தில், அந்த இரட்டைச் சொல் கேட்டது. குதி, முன்பாதம், குதி, முன்பாதம். முன்னையினும் சற்று நெருக்கமாக, சற்று மெதுவான ஓசையில். அவள் அருகே வந்து நின்று, தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் குடித்துவிட்டு, “அந்தத் தாத்தாவுக்கு ஒரு நிமிடத்துக்கு எத்தனை இருந்திருக்கும்?” என்று கேட்டாள்.

எந்தத் தாத்தா என்று விளங்க நமக்குச் சற்று நேரம் ஆயிற்று. எண்ணியதில்லை, எப்போதும் முன்னால் அல்லவா போய்க்கொண்டிருந்தான் என்றோம். அவள் போத்தலைத் திருப்பித் தந்துவிட்டு இன்னொரு சுற்றுக்குப் புறப்பட்டாள்.